காரின் கறுப்பு பிளாஸ்டிக் நரைத்துவிட்டதா? எதை வாங்குவது, எப்படிப் பூசுவது: கேள்வி பதில்

சுங்கைப்பட்டாணி, பீடோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஓடும் கார்களைக் கவனித்தால், பெயிண்ட் நன்றாக இருக்கும்போதே கறுப்பு பிளாஸ்டிக் மட்டும் சாம்பல் நிறமாகியிருக்கும். பெயிண்ட் அடிக்காத பாகங்கள்தாம் இப்படி ஆகும்: பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, சைட் மிரரின் அடிப்பகுதி, வைப்பருக்குக் கீழே உள்ள தட்டு, கதவோரப் பட்டை, கூரைக் கம்பியின் மூடி. இந்தப் பாகங்களைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பிளாஸ்டிக் ஏன் நரைக்கிறது? கறுப்பு நிறம் எங்கே போகிறது?

நிறம் எங்கும் போவதில்லை. இந்தப் பாகங்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன். அடிபட்டால் உடையாமல் வளைய வேண்டும் என்பதற்காக அதில் இபிடிஎம் ரப்பரும், விறைப்புக்காக டால்க் தூளும் சேர்ப்பார்கள். கறுப்புக்குக் கார்பன் தூள். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பின் மிக மெல்லிய அடுக்கில் இருக்கும் பிளாஸ்டிக் சங்கிலிகளை அறுக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. அந்த வெடிப்புகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதைத்தான் நாம் நரை என்கிறோம். அடியில் கார்பன் அப்படியே இருக்கிறது.

நம் மலேசியா நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நண்பகல் புற ஊதா அளவு ஆண்டு முழுவதும் கடுமைதான். கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி, மேகமும் குறைவு. தோட்டத்து லயத்து (வரிசை) வீடுகளில் காருக்குக் கூரை கிடையாது. போதாததற்குத் தோட்டத்துச் செம்மண் தூசி அந்த வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நரை பாதி, மண் பாதி என்று இருக்கும் பம்பரைப் பலர் முழுக்க நரைத்ததாக நினைத்து, தேவையில்லாத பொருளை வாங்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

தண்ணீரை வைத்தே சோதித்துவிடலாம். பாகத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு ஈரத் துணியால் ஒரு பகுதியை நனைத்துவிட்டுப் பாருங்கள்.

நனைந்த இடம் நல்ல கறுப்பாகி, காய்ந்ததும் திரும்ப வெளுத்தால் உங்கள் பிளாஸ்டிக் இன்னும் தேறக்கூடியது. வெடிப்பை நிரப்பும் எந்தப் பொருளும் அதைக் கறுப்பாக்கும். டிரெஸ்ஸிங்கோ (மேலே தடவும் திரவம்) கோட்டிங்கோ (இறுகி நிற்கும் பூச்சு) போதும், சாயம் வேண்டாம்.

நனைந்தும் திட்டுத்திட்டாகச் சாம்பலாகவே இருந்தால் மேலடுக்கு ஆழமாகக் கெட்டிருக்கிறது. அதற்குச் சாயம் கலந்த பொருள்தான் சரி.

விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவரைத் தொட்டதுபோல் தூள் ஒட்டுகிறதா, அல்லது வெடிப்பு கண்ணுக்கே தெரிகிறதா? அதன்மேல் எதைப் பூசினாலும் உதிரும் தூளோடு அதுவும் உதிரும். தூளை எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பாகத்தையே மாற்ற வேண்டும்.

கடையில் நாலைந்து வகை இருக்கிறது. எது எதற்கு?

முதல் வகை, பால்போல வெள்ளையாக இருக்கும் தண்ணீர் டிரெஸ்ஸிங். சிலிகோன் எண்ணெயைத் தண்ணீரில் கலக்கிச் செய்தது. பூசிய பிறகு பிசுபிசுப்பு குறைவு, தூசி அதிகம் ஒட்டாது, ரப்பரையும் கெடுக்காது. நம் மழைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் நிற்கும். 303 ஏரோஸ்பேஸ் புரோடெக்டன்டும் தண்ணீர் அடிப்படையிலான பொருள்தான். பளபளப்பைவிடப் புற ஊதாப் பாதுகாப்பை முன்வைத்து விற்கப்படுவது அது. மாதம் ஒரு முறை பூச வேண்டியிருக்கும். பெரும்பாலான தோட்டப்புறக் கார்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வகையைத்தான்.

இரண்டாவது, தெளிந்த எண்ணெய்போல இருக்கும் சால்வென்ட் (பெட்ரோலியக் கரைப்பான்) டிரெஸ்ஸிங். பூசிய அன்று புதுக் கார்போல மின்னும். ஆனால் செம்மண் சாலையில் ஒரு தடவை போய்வந்தால் அத்தனை தூசியையும் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி ரப்பரில் பட்டால் அது ஊதி மென்மையாகும். லயத்துச் சாலையில் ஓடும் காருக்கு இது வேண்டாம்.

மூன்றாவது, சாயம் கலந்த புதுப்பிப்புத் திரவம். சொலூஷன் ஃபினிஷ் இந்த ரகம். நரைத்த கறுப்புக்கு மட்டுமே பயன்படும். முதலிலேயே சாம்பல் நிறத்தில் வந்த பாகத்தில் பூசினால் நிறமே மாறிவிடும். பெயிண்டில் பட்டால் உடனே துடைக்க வேண்டும், கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. சரியாகச் சுத்தம் செய்து பூசினால் மாதக்கணக்கில் நிற்கும்.

நான்காவது செராமிக் வகைக் கோட்டிங். கார்ப்ரோ டிலக்ஸ், ஜிடெக்னிக் சி4, செராகோட் துடைப்பான்கள் போன்றவை. இவை வெடிப்புக்குள் இறங்கி இறுகிவிடும். செராகோட் நிறுவனம் 200 முறை கழுவினாலும் நிற்கும் என்று உத்தரவாதம் தருகிறது. உத்தரவாதங்கள் எப்படி இருந்தாலும், நிழலில்லாத இடத்தில் நிற்கும் காருக்கு பாட்டிலில் போட்டிருக்கும் காலத்தில் பாதியை எதிர்பார்த்துத் திட்டமிடுவதுதான் நல்லது. இந்த வகை விலை அதிகம், தவறாகப் பூசினால் திருத்துவதும் கடினம்.

இதில் உறுதியாக ஒன்றைச் சொல்லலாம்: அரைகுறைச் சுத்தத்தின் மேல் பூசிய விலையுயர்ந்த கோட்டிங்கைவிட, மாதம் ஒரு முறை தவறாமல் பூசும் சாதாரண தண்ணீர் டிரெஸ்ஸிங் பிளாஸ்டிக்கை நன்றாகக் காப்பாற்றும்.

லேபிளில் எதைப் பார்த்து வகையைத் தெரிந்துகொள்வது?

தீப்பிழம்புப் படம் இருந்தால் அநேகமாக சால்வென்ட். குலுக்கினால் பால்போல வெள்ளையாக இருந்தால் தண்ணீர் வகை. சேர்மானத்தில் 'பெட்ரோலியம் டிஸ்டிலேட்', 'நாஃப்தா' என்று எழுதியிருந்தால் ரப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 15 அல்லது 30 மில்லி குட்டி பாட்டிலும் அதோடு ஒரு பஞ்சுக் கட்டையும் இருந்தால் அது பெரும்பாலும் கோட்டிங்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) லேபிள் இல்லாமல் விற்கும் பாட்டிலை வாங்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத திரவம் ரப்பரையோ பெயிண்டையோ கெடுத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பூசுவதற்கு முன் எப்படிச் சுத்தம் செய்வது?

முக்கால்வாசி வேலை இதுதான். இரண்டு வாரத்தில் உரிந்துபோனது, திட்டுத்திட்டாக நிற்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துச் செம்மண்ணை இறக்குங்கள். காய்ந்த மண்ணோடு தேய்த்தால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகிவிடும், பிறகு அது திரும்பாது. அடுத்து ஒரு லிட்டர் ஸ்பிரே பாட்டிலில் 100 மில்லி பல்நோக்குக் கிளீனர், 900 மில்லி தண்ணீர் கலந்து அடித்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மென்மையான நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேயுங்கள். ஓரங்களுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வெயிலில் வைத்துச் செய்யாதீர்கள், கிளீனர் காய்ந்து வெள்ளைக் கறையாகிவிடும். நுரை பழுப்பாக வந்தால் மண் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். நரைத்த பம்பருக்கு இரண்டு மூன்று சுற்று பிடிக்கும்.

கழுவியபின் நன்றாகக் காய வேண்டும். வைப்பர் தட்டின் இடுக்கிலும் மிரர் அடியிலும் தங்கும் தண்ணீர்தான் பின்னால் வழிந்து வந்து கோட்டிங்கைக் கெடுக்கும். காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் அது வெளியே வந்துவிடும், துடைத்துவிடலாம்.

டிரெஸ்ஸிங் பூசுபவர்கள் இத்தோடு நிறுத்தலாம். சாயமோ கோட்டிங்கோ பூசுபவர்கள், ஃபார்மசியில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பில் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். துணியில் கறுப்போ எண்ணெய்ப் பசையோ வந்தால் பழைய டிரெஸ்ஸிங் இன்னும் போகவில்லை. துணி சுத்தமாக வரும்வரை புதுத் துணியால் தொடருங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம். பாலிபுரொப்பிலீன் ஒருவேளை தாங்கினாலும், பக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் பாகம் கரைந்துவிடும்.

பிளாஸ்டிக்கில் படிந்த வெள்ளை வேக்ஸ் கறை போகவே மாட்டேன் என்கிறதே?

பாலிஷ் தூள் சொரசொரப்புக்குள் காய்ந்துவிட்டது. ஆல்கஹாலும் பல் பிரஷ்ஷும் பெரும்பாலான கறையை எடுத்துவிடும். மீதியைப் பள்ளிக்கூடத்து வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். அடுத்த முறை பாலிஷ் போடுமுன் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

கோட்டிங்கை நம் ஊர் வெப்பத்தில் எப்படிப் பூசுவது?

காலை 8 மணிக்குத் தொடங்குங்கள். பிளாஸ்டிக்கின் மேல் கையைப் பத்து விநாடி சுகமாக வைக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் சூடு அதிகம். பெரும்பாலான நாட்களில் மழை பிற்பகலில்தான் வரும் என்பதால், காலையில் முடித்துவிட்டால் இறுகக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனால் கூரை இல்லாமல் கோட்டிங் பூசுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குறைந்தது 12 மணி நேரம் ஈரம் படக்கூடாது. பாட்டிலில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கோயில் மண்டபத்தின் பக்கத்துக் கூரையோ உறவினர் வீட்டுப் போர்ச்சோ கிடைக்கும் நாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

பக்கத்துப் பெயிண்டை டேப்பால் மறையுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். ஒரு சாண் அகலம் பூசுங்கள், துடையுங்கள், பிறகுதான் அடுத்த சாண். பஞ்சுக் கட்டையில் முதலில் ஆறேழு துளி விட்டு நனைத்துக்கொண்டால், அதன்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று நான்கு துளி போதும். நரைத்த பிளாஸ்டிக் அதிகமாக உறிஞ்சும். இழுக்கும்போது கட்டை பிடித்து நின்றால் இன்னும் இரண்டு துளி விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மைக்ரோஃபைபர் துணியால் சமன்படுத்துங்கள். இந்தக் கோட்டிங்குகளில் பல காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகின்றன. நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், குளிர்நாட்டில் எடுத்த காணொளியில் காட்டும் நேரத்தைவிடச் சீக்கிரமே துடைக்க வேண்டும்.

துடைத்த துணி காய்ந்ததும் கண்ணாடித் துகள்போலக் கரடாகிவிடும், பெயிண்டைக் கீறும். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம்.

பூசியபின் சில இடத்தில் மினுமினுப்பு, சில இடத்தில் மங்கல். என்ன செய்வது?

மினுமினுக்கும் இடத்தில் கோட்டிங் தடித்துக் காய்ந்திருக்கிறது. சில நிமிடத்துக்குள் கண்ணில் பட்டால் அதே கோட்டிங்கை இரண்டு துளி மேலே தடவுங்கள். காய்ந்தது இளகும், உடனே துடைத்துவிடலாம். மறுநாள் என்றால் கஷ்டம். உராய்வுப் பொருளால் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டியதுதான். மங்கலான இடம் உறிஞ்சிக்கொண்ட இடம். அங்கே இன்னொரு பூச்சு போதும், ஒரு மணி நேரம் கழித்து.

டிரெஸ்ஸிங் பூசிய மறுநாள் மழையில் கதவெல்லாம் கோடு கோடாக வழிந்துவிட்டது.

அதிகம் பூசியிருக்கிறீர்கள். நேராகப் பிளாஸ்டிக்கில் ஸ்பிரே செய்யாமல் பஞ்சில் விட்டுத் தடவுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் மீதியைத் துடைத்து எடுங்கள். பலர் செய்யாமல் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். வைப்பர் தட்டில் இன்னும் கவனம் தேவை. அங்கே மிஞ்சிய சிலிகோன் மழையில் முன்கண்ணாடிக்கு ஏறினால், இரவில் எதிரே வரும் லோரியின் விளக்கு வெளிச்சத்தில் சாலையே தெரியாது. ஏறிவிட்டால் கண்ணாடியையும் வைப்பர் ரப்பரையும் ஆல்கஹாலால் துடையுங்கள்.

சமையல் எண்ணெய், காலணிப் பாலிஷ், டீசல்… வீட்டில் இருப்பதைப் பூசினால் ஆகாதா?

செம்பனை எண்ணெய் அன்றைக்குக் கறுப்பாக்கும். சில நாளில் வெயிலில் கெட்டுப் பிசினாகி, தூசியும் பூஞ்சையும் பிடிக்கும். அதை எடுக்க மூன்று சுற்றுச் சுத்தம் தேவைப்படும். காலணிப் பாலிஷ் முதல் மழையிலேயே கதவில் இறங்கும், உடை உரசினாலும் ஒட்டும். டீசலும் பழைய இன்ஜின் எண்ணெயும் இபிடிஎம்மை ஊத வைக்கும். கண்ணாடி ரப்பர் மட்டுமல்ல, பம்பர் கலவையிலும் அந்த ரப்பர் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய இன்ஜின் எண்ணெய் தோலுக்கும் கெடுதல். இவற்றில் எதிலும் புற ஊதாத் தடுப்பு இல்லை.

ஹீட் கன் வைத்துச் சூடாக்கினால் உடனே கறுப்பாகிறதே, அது நல்லதா?

கறுப்பாவது உண்மை. மேலடுக்கு இளகி வெடிப்பு மூடிக்கொள்கிறது. ஆனால் வெயிலைத் தடுக்கும் எதையும் அது சேர்ப்பதில்லை, அதனால் நரை திரும்பும். பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன்னிலிருந்து வரும் காற்று அதைவிட மிக அதிகச் சூடு. ஒரே இடத்தில் சில விநாடி நின்றால் சொரசொரப்பு வழவழப்பாகும், பாகமும் நெளியும். பக்கத்துப் பெயிண்ட் கொப்பளிக்கும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம்.

கித்தாப் பால் (ரப்பர் மரத்துப் பால்), தார், பாசி பட்டால்?

பச்சைக் கித்தாப் பால் தண்ணீரோடு கலக்கும். உடனே நிறையத் தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவினால் போய்விடும். காய்ந்துவிட்டால் தேய்க்காதீர்கள், விரலால் ஓரத்திலிருந்து உருட்டி உரித்து எடுங்கள். தாருக்குத் தார் நீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி, உடனே சோப்பால் கழுவுங்கள். மரத்தடியில் நிற்கும் காரின் ரப்பரிலும் வைப்பர் தட்டிலும் பச்சைப் பாசி பிடிக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பிரஷ்ஷால் எடுங்கள். உரப் பை ஏற்றிய நாளில் அந்தத் தூளை அன்றைக்கே கழுவிவிடுங்கள், திருகாணிகளைத் துரு தின்றுவிடும்.

கார் வாஷ் கடையில் பம்பருக்கும் சேர்த்து டயர் எண்ணெய் அடித்துவிடுகிறார்கள். பரவாயில்லையா?

பூச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோட்டிங் போட்ட காராக இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எண்ணெய்ப் படலத்தில் செம்மண் ஒட்டினால் கோட்டிங்கே கெட்டுப்போனதுபோலத் தெரியும்.

பளபளக்கும் கறுப்புத் தூண், முன்விளக்கு ஆகியவற்றுக்கும் இதையே பூசலாமா?

கூடாது. கதவுகளுக்கு நடுவே உள்ள பளபளப்புத் தூணைப் பெயிண்டைப்போலப் பாலிஷ் செய்ய வேண்டும். முன்விளக்கு பாலிகார்பனேட், அது தனி வேலை.

எப்போது பெயிண்ட், எப்போது மாற்றுவது?

சைட் மிரர் அடிப்பகுதி, கதவுப் பட்டை போன்ற சிறு பாகம் தூளாக உதிர்ந்தால் மாற்றுவதே மேல். மைவி, சாகா போன்ற கார்களுக்கு ஸ்பேர்பார்ட் கடையிலும் பழைய பாகம் விற்கும் கடையிலும் எளிதில் கிடைக்கும். பழைய பாகம் வாங்கும்போதும் தண்ணீர்ச் சோதனை செய்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பம்பர் போன்ற பெரிய பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் பாலிபுரொப்பிலீனில் பெயிண்ட் தானாக ஒட்டாது. முதலில் பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் மெல்லிசாக அடித்து, பிறகு மேட் கறுப்பு இரண்டு மூன்று பூச்சு. பிரைமர் இல்லாமல் சாதாரண ஸ்பிரே டின்னை அடித்தால், உயரழுத்தத் தண்ணீர் பட்டதும் தோலாக உரியும். முன்பு சிலிகோன் டிரெஸ்ஸிங் பூசியிருந்தால் பெயிண்ட் அடிப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் பெயிண்டில் குழி குழியாக விழும்.

புதுக் கார் வாங்கியிருக்கிறோம். எப்போது தொடங்க வேண்டும்?

முதல் மாதத்திலேயே. எக்ஸ்50, அத்திவா போன்ற கார்களில் சக்கர வளைவு முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக். நரைத்தபின் மீட்பதைவிட நரைக்குமுன் காப்பது மிக எளிது, செலவும் குறைவு. வெட்டவெளியில் நிற்கும் கார் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, கூரைக்குக் கீழே என்றால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் டிரெஸ்ஸிங் போதும். தண்ணீர் பட்டால் உருண்டு ஓடாமல் படர்ந்து நிற்கத் தொடங்கினால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது.

கண்ணாடி ரப்பருக்கு?

தண்ணீர் வகை மட்டும். துணியில் விட்டு மெல்லிசாகத் துடைத்தால் போதும்.

மோட்டார் சைக்கிளுக்கும் ஹைலக்ஸ் பின்பெட்டிக்கும் பூசலாமா?

மோட்டார் சைக்கிளின் சக்கர மறைப்பு, உள் மூடிகளுக்குப் பூசலாம். இருக்கை, கைப்பிடி, கால்மிதி, பிரேக் தட்டு, டயரின் தரை தொடும் பகுதி ஆகிய எதிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. அதனால் ஸ்பிரே வேண்டாம், துணியில் விட்டே பூசுங்கள். பின்பெட்டியின் பிளாஸ்டிக் விரிப்புக்கு டிரெஸ்ஸிங் பூசினால், மழையில் செம்பனைக் குலை ஏற்றுபவர் அதன்மேல் வழுக்கி விழுவார். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி அப்படியே விட்டுவிடுங்கள்.